சரோஜா வீட்டுச் சாயங்காலம்

அடி அண்ணாமலையில் கோதண்டராமன் மனைவி சரோஜாவின் வீட்டில் மட்டும் பதினாலு மாதம் மத்தியானம் இரண்டரை மணிக்குப் பொழுது சாய்ந்தது. பக்கத்து வீட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். இவர்கள் வேலிக்குள் காலை வைத்தால் மங்கல் வெளிச்சம், கூடு அடையும் கோழிகள், கொசுக்கடி. மூன்று மணிக்கு மறுபடி வெயில் வந்துவிடும். மாடு முதல் வாரம் குழம்பியது, பிறகு இரண்டு சாயங்காலத்துக்கும் கறந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் சுட்ட காலோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கிடைத்த நிழலை யார் விசாரிப்பார்கள்?

எல்லாம் ஒரு சீரியலால் வந்தது. நகை திருடினாள் என்று பழி போட்டு மாமியார் வீட்டார் துரத்திய மதிவதனியின் கதை அது. அவள் அந்த வாசற்படியை மறுபடி மிதிப்பதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று சரோஜாவுக்கு ஏழு வருஷ வைராக்கியம். ஒரு நாள் தவறவிட்டதில்லை. மகன் கல்யாண வரவேற்பையே அரை மணி நேரம் நிறுத்தி வைத்தவள். ராத்திரி ஏழரைக்கு வந்த சீரியலைச் சேனல்காரர்கள் ஆறரைக்கு மாற்றினார்கள், பொறுத்துக்கொண்டாள். பிறகு ஏதோ பாட்டுப் போட்டிக்கு இடம் வேண்டும் என்று மத்தியானம் இரண்டரைக்குத் தூக்கிப் போட்டார்கள். பங்காளிகூடக் கல்யாணத் தேதியை மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவான், ஏழு வருஷம் பார்த்தவளுக்கு அதுவும் இல்லையா என்று வயிறு எரிந்தாள். போனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்றாள் மருமகள் தேவிப்ரியா.

"கண்ட நேரத்துல பாக்கறதுக்கு அது இன்னா வெளம்பரமா?" என்றாள் சரோஜா.

விளக்கு வைத்த பிறகுதான் டிவி என்பது அவள் வீட்டுச் சட்டம். பட்டப்பகலில் விளக்கு வைக்கவும் மாட்டாள், சீரியலை விடவும் மாட்டாள். அகலைக் கையில் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள். இரண்டரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெளிச்சம் இறங்கியது. நியாயம்தானே என்பதுபோல விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசி எபிசோட் கார்த்திகை தீபத்தன்று வந்தது, அதே இரண்டரைக்கு. அங்கேதான் மாட்டிக்கொண்டாள். மலை உச்சியில் தீபம் ஏற்றுவது ஆறு மணிக்கு. அது தெரியும்வரை இந்த ஊரில் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்றுவதில்லை. பொழுது வழக்கம்போல இரண்டரைக்குச் சாய்ந்தது. ஒரே ஒரு அகல் மட்டும் ஏற்றிக்கலாம் அத்தை, யாருக்குத் தெரியப்போகிறது என்று தேவிப்ரியா கெஞ்சினாள்.

"மலையில ஏத்தாம நம்ம வூட்ல ஏத்தறதா? போனா போவட்டும்" என்றாள் சரோஜா. சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் தலை குனியவில்லை.

மூன்று மணிக்கு வெயில் திரும்பவில்லை. நாலு மணிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கை பாஞ்சாலை போன் செய்தாள்.

"அக்கா, ரெண்டரைலேர்ந்து சோப்பு வெளம்பரமே ஓடுது. உங்க வூட்லயும் அப்டிதானா?"

"எங்க வூட்ல இன்னும் டிவியே போடல" என்றாள் சரோஜா.

வேலூரிலும் மதுரையிலும்கூடச் சோப்பு விளம்பரம்தான். சேனல்காரர்கள் எந்தப் பொத்தானை அழுத்தியும் மதிவதனி திரைக்கு வரவில்லை. ஆறு மணிக்கு மலையில் தீபம் தெரிந்தது, ஊரே அரோகரா என்றது. சரோஜா அவசரப்படவில்லை. வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை ஒவ்வொரு அகலாக ஏற்றி முடித்துவிட்டு வந்து டிவியைப் போட்டாள். தமிழ்நாடு முழுக்கச் சோப்பு விளம்பரம் நின்றது. மதிவதனி படியில் வலது காலை வைத்தாள்.

மறுநாள் காலை டீக்கடையில் கோதண்டராமன் மாப்பிள்ளைபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எங்க வூட்ல வெளக்கு வைக்க ஆறாயிடுச்சி. அதான் சீரியல் லேட்டு" என்றார்.

தீபத்தன்று அப்படித்தான் ஆகும் என்று சொல்லி டீ மாஸ்டர் அவருக்குச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.