ஐந்தாவது பரிமாணத்துக்கு ஒரு வாழ்த்து விளம்பரம்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்தவன் நான். பட்டம் வாங்கிய பிள்ளைக்கு விளம்பரம் போடாத குடும்பம் கிள்ளானில் எது? அங்கியும் தொப்பியும் அணிந்த என் மகளின் படம், அதற்குக் கீழே, "ஐந்தாவது பரிமாணத்தைக் கண்டுபிடித்த முனைவர் புனிதா நாகையா." வாசகம் என்னுடையது. நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்கும் போக ஐந்தாவதாக ஒன்றைப் பற்றி அவள் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்தாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்து வருடம் தேடியவள் கண்டுபிடித்திருப்பாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதிச் சாப்பாட்டுக் கடையில் பாலன் அந்தப் பத்திரிகையை என் மேசைமேல் போட்டான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வரும் சனிக்கிழமை சங்க மண்டபத்தில் புனிதாவுக்கு நடக்கவிருந்த பாராட்டு விழாவின் செயலாளரும் அவன்தான்.

"கண்டுபிடிச்சாச்சா அண்ணே? எங்க வெச்சிருக்கீங்க, வீட்டுலயா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

"பாத்துப் பேசு பாலன்."

"கோவப்படாதீங்க லா. யாராச்சும் பாத்தாங்களா? அளந்தாங்களா? அளக்காம பேப்பர்ல கணக்கு மட்டும் போட்டா அது சயன்ஸ் இல்லண்ணே, ஜாதகம். ஜாதகக்காரனும் கணக்குதான் போடுறான்."

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தவன் நான். என் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அளக்காதவள் என்று ஒருவன் சொல்லிவிட்டான். தேநீரைத் தொடாமல் எழுந்தேன். கிள்ளான் ரயிலில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

புனிதா முதல்நாள் இரவுதான் ஊர் வந்து சேர்ந்திருந்தாள். அப்போதுதான் பசியாறிக்கொண்டிருந்தாள்.

"பாலனுக்கு ஒரு பதில் எழுது. அவன் இனிமே வாயத் தொறக்கக் கூடாது" என்று பத்திரிகையை நீட்டினேன்.

"பிள்ளைய ரெண்டு வாய் சாப்பிட விடுங்களேன்" என்றாள் என் மனைவி நல்லம்மாள்.

புனிதா விளம்பரத்தைப் படித்தாள். தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"யாருப்பா இத எழுதினது?"

"நான்தான்."

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல."

"அப்ப அஞ்சு வருஷம் என்ன பண்ணின?"

"அப்படி ஒண்ணு இருந்தா வேற எதெல்லாம் மாறணும்னு கணக்குப் போட்டேன். ரெண்டு எடைய ரொம்பக் கிட்ட கொண்டு போனா, ஈர்ப்பு விசை நாம படிச்சதவிட அதிகமா இருக்கணும். எவ்வளவு கிட்டன்னு நம்பர் போட்டுச் சொன்னேன்."

"சொன்னதுக்கப்புறம்?"

"சோதன பண்ணிப் பாத்தாங்க. தலைமுடி தடிமன் தூரம் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்ல. நான் சொன்னது தப்புப்பா. தீசிஸ்ல கடைசி அத்தியாயத்துல நானே எழுதியிருக்கேன்."

தப்பு என்று தன் கையால் எழுதி, அதற்குப் பட்டம் வாங்கி வந்திருக்கிறாள். நான் அதை ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"அப்ப பாலன் சொன்னது சரியா? ஜாதகமா?"

"பாதி சரி. சோதன 'இல்ல'ன்னு சொன்னதும் நம்பர மாத்துறவங்க இருக்காங்க. இன்னும் கீழ, இன்னும் கீழன்னு, யாராலயும் அளக்க முடியாத எடத்துக்குத் தள்ளிடுவாங்க. அத பாலன் அங்கிள் ஜாதகம்னு சொன்னா நானும் கை தட்டுவேன். நான் தள்ளல. எங்க பாத்தா நான் தோப்பேன்னு மொதல்லயே சொன்னேன், தோத்தேன். அதுதான்பா சயன்ஸ்."

"சபையில போய்த் தோத்தேன்னு சொல்லுவியா?"

"நீங்க என்னப் பொய்க்காரியா நிக்க வெக்கிறதவிட அது மேல். திருத்தம் போடுங்க. இதே அளவுல. போடலன்னா சனிக்கிழம நான் மேடை ஏற மாட்டேன்."

"யார்கிட்ட பேசுறன்னு தெரியுதா?"

"தெரியுது. அளவைத் துறை நாகையாகிட்ட."

பத்திரிகையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன். என் அப்பா ரயில் பாதையில் கல் சுமந்தவர். எங்கள் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்ததெல்லாம் நாங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான். அதில் கரி பூசியது பாலன் அல்ல, என் மகளும் அல்ல. அது தெரியத் தெரிய என் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

திங்கட்கிழமை திருத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். விளம்பரப் பகுதியில் இருந்த பெண் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"தப்புன்னு யாரும் விளம்பரம் போட மாட்டாங்க அங்கிள். பழசப் பத்திப் பேசாம, 'ஆய்வு செய்த'ன்னு புதுசா ஒண்ணு போட்டுடலாம். யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

"அழிக்கச் சொல்றியாம்மா?" என் குரல் உயர்ந்துவிட்டது, நாலு பேர் திரும்பினார்கள். "அளவப் புத்தகத்துல ரப்பர் படக் கூடாது. தப்பான எண்ண ஒரே கோடு போட்டு அடிக்கணும், அடியில இருக்குறது படிக்கத் தெரியணும். மேல சரியானத எழுதிக் கையெழுத்து வெக்கணும். அழிச்ச ஒருத்தன நான் வேலைய விட்டே அனுப்பியிருக்கேன். பழைய வரியப் போடு. அது மேல கோடு போடு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டாள். வாசகத்தைச் சரிபார்க்கப் புனிதாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வேறு எதுவும் பேசாமல் படித்தேன்: "ஐந்தாவது பரிமாணம் என்று ஒன்று இல்லை என்பதே ஆய்வின் முடிவு."

"அதுவும் தப்புப்பா."

"இன்னும் என்ன?"

"நான் சொன்ன அளவுல இல்ல, அவ்வளவுதான். முடி தடிமனுக்கு ரொம்பக் கீழ யாரும் இன்னும் அளக்கல. அங்க இருக்கா இல்லயான்னு தெரியாது. தெரியாதுன்னு போடுங்க."

"அரைப் பக்கத்துல, என் பேரப் போட்டு, தெரியாதுன்னா?"

"ஆமா."

தொலைபேசியைப் படக்கென்று வைத்தேன். தாளை என் பக்கம் இழுத்து, "இல்லை" என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். அதற்கு மேலே "இருக்கிறதா, தெரியாது" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.