பீரோவிலிருந்து தங்கராசு

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. ஆவடியிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயகுமாரியம்மாள், மடியில் நீளமாக ஒரு சிவப்புத் துணியைப் போட்டு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே வந்தார். அந்த ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் ஊசி! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதியா நான்? என்ன துணி என்று கேட்டுவிட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரு நாளைக்குப் பறக்கறாரு நைனா," என்றார்.

இதைக் கேட்ட பிறகும் எழுதாமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

[அந்தி சாயும் நேரம். ஆவடி வானத்தில் ஒரு சிவப்பு அங்கி] வேண்டாம்.

[ஜெயகுமாரியின் வீட்டுக்காரர் பிரகாசம் ஒரு சாதாரண மனிதர். ஆனால்] இந்த 'ஆனால்'தான் உலகத்தில் உள்ள சூப்பர் ஹீரோ கதைகளையெல்லாம் கெடுத்தது. அடித்துவிட்டேன். அடித்த தடம் மட்டும் இருக்கட்டும்.

2

விஷயம் இதுதான். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் பொங்கல் விழா என்றால் மைதானத்தில் 'இடிவீரன்' நாடகம் உண்டு. இடிவீரன் பறப்பான், வில்லன்களைப் பந்தாடுவான். மற்ற நேரத்தில் அவன் தங்கராசு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஸ்டோர் கிளார்க். தங்கராசு ஒரு பீரோவுக்குள் நுழைவான், இடிவீரன் வெளியே வருவான்.

ஒரே ஆள் இரண்டு வேஷமும் போடலாமே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். தங்கராசு திக்கித் திக்கிப் பேச வேண்டும், இடிவீரன் முழங்க வேண்டும். அதனால் தங்கராசு வேஷம் பிரகாசத்துக்கு. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். இடிவீரன் வேஷம் அவருடைய கூட்டாளி, கட்டைக் குரல் ஜெகதீசனுக்கு. பீரோவுக்குள் போன பிரகாசம் நாடகம் முடிகிற வரை உள்ளேயே குந்தியிருப்பார். கைதட்டலைப் பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டே பழகியவர்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: தங்கராசுவும் காலத்துக்குத் தகுந்தபடி மாறினான். முதலில் வழுக்கி விழுகிற கோமாளி. வாயைத் திறந்தாலே மைதானம் சிரிக்கும். பிறகு கதாநாயகியை நினைத்து உருகுகிற அப்பாவி. வாயைத் திறந்தால் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்புறம் கழுத்தில் ஐடி கார்டு, தோளில் லேப்டாப் பை. சட்டை மாறியது, தலைவாரல் மாறியது. திக்கல் மாறவில்லை. பீரோவைத் தாண்டியதும் அது மாயமாகிவிடுவதும் மாறவில்லை.)

3

இந்த வருடம் இயக்கம் ஃபெபி. வேலப்பன்சாவடியில் கல்லூரியில் படிக்கிற பெண். இவளை வில்லியாக்கலாம் என்று பார்த்தேன், மாட்டேன் என்கிறாள். அவ்வளவு நல்ல பெண்.

"அங்கிள், ஒருத்தர் திக்குறத வச்சு ஜனங்கள சிரிக்க வைக்கிறது தப்பு. இனிமே தங்கராசு நல்லா சரளமா பேசுவான். என் கிளாஸ்மேட் அஸ்வின் பண்ணட்டும்," என்றாள் ஒத்திகையில்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சிரிப்பை நிறுத்தப் போய் ஆளையே நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

பிரகாசம் எழுந்தார். மேடை கைவிட்டுப் போகிறது. அது தவிர அவருக்கென்று வேறென்ன இருந்தது?

"எ... எனக்கு ஒ... ஒரு..."

கழுத்து நரம்பு புடைத்தது. கூட்டாளி படுகிற பாட்டை ஜெகதீசனால் பார்க்க முடியவில்லை.

"இன்னா சொல்றான்னா, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நான் ஸ்கிரீன் இழுத்துக்கினு கீறேன்னு சொல்றான். அதானே மாமே?"

ஃபெபி கண் கலங்கி நன்றி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிரகாசம் கையில் திரைக் கயிற்றோடு நின்றார்.

4

இந்த இடத்தில் நான், "எனக்கு ஒரு சான்ஸ் குடுன்னுதானே கேக்க வந்தாரு, பாவம்?" என்று குறுக்கே பாய்ந்தேன். ஜெயகுமாரியம்மாள் தையலை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"நீயும் அவரு பேச்ச முடிச்சி வெக்கிறியே நைனா! பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவரு பேரக்கூட அவங்க மாமாதான் சொல்ல வந்தாரு. இருங்க, அவரே சொல்லட்டும்னு காபி டம்ளரோட நின்னுகினு இருந்தேன். சொன்னாரு. அப்பாலதான் காபிய நீட்டினேன்."

ஒத்திகை முடிந்து வந்த அன்றும் அப்படித்தான். அந்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிரகாசம் சொல்லி முடித்தார்:

"எனக்கு ஒரு சந்தேகம். பீரோவுக்குள்ள போறப்ப கீற திக்கல், வெளிய வர்றப்ப எங்க போவுது? இடிவீரன் திக்கக் கூடாதா?"

(இங்கே வழவழவென்று எழுதிவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நேரம் பிடித்தது.)

"இத அந்தப் பொண்ணாண்ட கேளு," என்று மனுஷனைக் கையோடு இழுத்துப் போனார் ஜெயகுமாரி. அங்கேயும் ஜெகதீசன் வாயைத் திறந்தார்.

"அண்ணாத்தே, நீ கம்முனு கெட!" என்று அடக்கினார் ஜெயகுமாரி.

பிரகாசம் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். ஃபெபி ஸ்கிரிப்டில் பீரோ வருகிற பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். ஜெகதீசன்தான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து சிவப்பு அங்கியை எடுத்து வந்தார்.

"இத்தினி வருஷம் உன் பேச்சையும் நானே பேசிக்கினு இருந்துட்டேன் மாமே. மனசு ஆறல. இந்தா, நீயே பற."

ஜெகதீசன் நல்ல உயரம். பிரகாசத்துக்கு அங்கி தரையில் புரண்டது. அதற்குத்தான் ஆட்டோவில் அந்தத் தையல்.

5

திருமுல்லைவாயில் வந்ததும் இறங்கிவிட்டேன். மறுநாள் நாடகத்துக்குப் போகவில்லை, வேண்டுமென்றேதான். இப்போது முடிவு என் தலையில் விழுந்திருக்கிறது.

[மைதானம் சிரிக்கிறது.] எழுதிப் பார்த்தேன். அந்தம்மாள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. கை ஓடவில்லை.

[மைதானமே எழுந்து நின்று கைதட்ட, பிரகாசத்தின் கண்களில்] சீச்சீ.

[அங்கியைப் போட்டதும் திக்கல் பறந்துபோய், கணீரென்று] இது அவரை மறுபடி பீரோவுக்குள் தள்ளிப் பூட்டுகிற வேலை.

ஆகவே, இவ்வளவுதான் எழுதப் போகிறேன். பீரோக் கதவு திறக்கிறது. சிவப்பு அங்கி, அதே சோடாபுட்டிக் கண்ணாடி. கதாநாயகி கேட்கிறாள், "யார் நீ?"

"நா... நான் த... த..."

மைதானத்துக்கே அந்தப் பெயர் தெரியும். உங்களுக்கும் நாக்கு நுனியில் நிற்கிறது. எனக்கும்தான். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். முன்வரிசையில் ஜெயகுமாரியம்மாள் மடியில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலி காலி. வந்து உட்காருங்கள்.

அவரே சொல்லட்டும்.