மாஸ்டரின் மூக்கு

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மாஸ்டருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ஜலதோஷம் இறங்கினால் சரியாகிவிடும் என்று ஆவி பிடித்தார், மூக்கில் சொட்டு மருந்து விட்டார். ஜலதோஷம் போய்விட்டது. போகிற போக்கில் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது என்றால் பரவாயில்லை. இவருக்குப் பிழைப்பே மூக்கில்தான். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மனைவியின் தம்பி கேன்டீன் எடுத்து நடத்தினான். சாப்பாடு சுமார்தான், அதை அவனே ஒத்துக்கொள்வான். ஆனால் அங்கே மாஸ்டர் போடும் டீக்காக மேல்மாடியிலிருந்து நர்சுகள் இறங்கி வருவார்கள். ஆபரேஷனுக்கு ஆளை உள்ளே அனுப்பிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் வருவார்கள். ஒரு வாய் குடித்ததும் அவர்கள் தோள் கொஞ்சம் தளர்வதை மாஸ்டர் அடுப்பருகில் நின்றபடியே பார்ப்பார்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. புது மூட்டையைப் பிரித்ததும் ஒரு கை தேயிலையை அள்ளி, உள்ளங்கைச் சூட்டில் சற்று வைத்திருந்து முகர்ந்து பார்ப்பார். டப்பாவுக்குள் ஈரக் கரண்டி போகக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. இறக்கிவைத்த டிகாஷன் நேரம் கடந்துவிட்டால், மச்சினன் முறைத்தாலும் சரி, தொட்டியில் கொட்டிவிடுவார்.

இப்போது எல்லாமே கண்ணும் காதும்தான். நிறத்தைப் பார்த்து இறக்கினார், கொதிக்கும் சத்தத்தை வைத்துத் தூள் போட்டார். குடித்துப் பார்த்தால் இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, மற்றபடி சுடுதண்ணீர். யாரிடமும் மூச்சு விடவில்லை. டீ போடுவதைவிட நடிப்பதுதான் அவரைக் களைக்க வைத்தது. "என்ன மணம் மாஸ்டர்!" என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டும். வீட்டில் சாப்பாடு நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வராது.

அப்படியிருக்கும்போது சாமான் அறைக்கு மேலே மாடிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. தேயிலை மூட்டை நனைந்துவிடக் கூடாதே என்று மாஸ்டர் அதை இழுத்துப் போய், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அலமாரியில் வைத்தார். பக்கத்தில் தரை துடைக்கும் திரவ கேன் இருந்தது. அதன் மூடி சரியாக இறுகவில்லை. அரையிருட்டில் அவர் அதைக் கவனிக்கவில்லை. பழைய மாஸ்டராக இருந்தால் அலமாரியைத் திறந்ததுமே அலறியிருப்பார். தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் வாயாலேயே எல்லோருக்கும் சொன்ன பாடம்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தூளில் காலை டீ இறங்கியது. முதலில் குடித்தவர் வாசல் காவலாளி. குடித்தவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாஸ்டர், இது டீயா, தரை துடைச்ச தண்ணியா?"

பின்னால் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடினாள். மச்சினன் வந்து ஒரு மடக்கு குடித்துத் துப்பினான். நேரே பாத்திரம் கழுவும் பெண்ணிடம் போனான். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"கிளாஸை அலசறியா இல்லையா? பேச்சு, பேச்சு, எந்நேரமும் பேச்சு! மருந்து வாசனை குப்புனு அடிக்குது. மரியாதையா வீட்டுக்குக் கிளம்பு. நாளைக்கு வர வேண்டாம்."

"ஐயோ, நல்லாத்தான் அலசினேன்! வேணும்னா மோந்து பாருங்க."

மாஸ்டர் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பால் பொங்கி வந்தது, தணித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனாள். அதற்குள் அவர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டார். கேன் கண்ணில் பட்டது. விஷயம் புரிந்தது.

"மாப்ள, அவளை விடு. தூளுதான் கெட்டுப்போச்சு. நான்தான் அங்க வெச்சேன்."

"நீங்களா? மோந்து பாக்காம ஒரு கரண்டி போட மாட்டீங்களே மாமா!"

"மோந்து பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. காய்ச்சலுக்கப்புறம் எதுவுமே தெரியல."

மச்சினன் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தானே தூக்கிப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னிக்குச் சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

சாயங்காலம் சொன்னார். அவர் மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும். அன்னிக்கு சோறு அடிப்பிடிச்சு வீடே நாறுச்சு. நீங்க இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

அவள் மடித்த துணிகளை அவர் எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

மறுநாள் டீ குடிக்க வந்த மூக்கு டாக்டரை மச்சினன் பிடித்துக்கொண்டான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார். மாஸ்டருக்கு அதில் வருத்தப்படக்கூடத் தெம்பு இல்லை. புதுத் தூளைப் பிரித்து ரேடியோவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லும்மா."

அவள் கையை நீட்டவில்லை. "நேத்து அவர் கத்தினப்போ நீங்க அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னீங்கண்ணே."

"ஆமா."

"நான் பையை எடுக்கற வரைக்கும்."

"ஆமாம்மா. தப்புதான்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தூளை வாங்கினாள். முகர்ந்தாள். தலையாட்டினாள். டீ இறங்கியதும் முதல் கிளாஸை அவளிடமே கொடுத்தார். ஊதி ஊதிக் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? மணம் எப்படி இருக்கு?"

உலகத்தில் எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவள் வாயைத் திறந்து மூடினாள்.

"டீ மாதிரிதான் இருக்கு. வேற என்னன்னு சொல்றதுண்ணே?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெளியே இரவு வேலை முடிந்த நர்சுகள் வரிசையில் நின்றார்கள். வரிசையாகக் கிளாஸ்களை வைத்து ஊற்ற ஆரம்பித்தார்.