பி.பி. கேட்ட வாய்தா

அத்தாவின் உடலை வைத்த சந்தூக்கின் முன்கட்டை அசன் முகம்மதுவின் தோளில் ஏறியபோதுதான் தெருமுனையில் அந்த வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. ராஜபாளையத்தில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் குறைவு. மறுபக்கம் தோள் கொடுத்திருந்த ஐயாதுரை, கழுத்தைத் திருப்ப வழியில்லாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தான். பக்கத்து டயர் கடைக்காரன் அவன்.

"பி.பி. வாரான்ணே. உசுரோட இருக்கையில பாயைக் கூண்டுல ஏத்த மனசில்ல. இப்ப கரெக்டா வந்து நிக்கான் பாரு."

அத்தாவின் எடை தோளில் இருந்தது. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்புவதற்காக டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லியாகிவிட்டது.

அசனின் அத்தா சாகுல் ஹமீது லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். முந்தைய ஆட்சியில் மந்திரியாக இருந்த ஒருவர், அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணியை லாரி லாரியாக அனுப்பியதாகக் கணக்குக் காட்டிக் கஜானாவைச் சுரண்டினார் என்பது வழக்கு. அந்த லாரிகள் சாகுல் ஹமீதின் ஆபீஸ் வாசலிலிருந்துதான் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிளம்பின. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு முழம் துணிகூடக் கிடையாது. அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆட்சி மாறியதும் போலீஸ் வந்து கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஊரே அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

வழக்கை நடத்த அரசாங்கம் நியமித்த அரசுத் தரப்பு வக்கீல், ஸ்பெஷல் பி.பி.தான் சோலைச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அதுவரை சைக்கிளில் கோர்ட்டுக்குப் போனவர், கை நீட்டாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். 'மாஜி மாட்டிக்கிட்டான், இனி களிதான்' என்று டீக்கடையில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அப்புறம்தான் வாய்தா ஆரம்பித்தது. சாகுல் ஹமீது சாட்சி சொல்லவேண்டிய நாள் வரும். அவரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடி, "வாய்தா" என்பார். மறுநாள் பேப்பரின் மூலையில், அரசுத் தரப்பு அவகாசம் கேட்டதாகச் செய்தி வரும். எதிர்த்தரப்பு இழுத்தடிப்பது உலக வழக்கம். வழக்குப் போட்டவனே தேதி கேட்டால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் நினைக்கவேண்டியதை எல்லாம் நினைத்தது. நாள் கணக்கில் பீஸாம், கேஸ் முடிந்தால் கேஸோடு வந்த கார் பறிபோய்விடும் என்று முடிக்கமாட்டேன் என்கிறானாம். மாஜியின் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டானாம். பார்த்தவர் யாரென்று கேட்டால் பார்த்தவரைப் பார்த்தவர் கிடைப்பார். எல்லோரையும்விட அதிகம் கொதித்தவன் அசன். அப்போதெல்லாம் அத்தா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஒருநாள் டீக்கடையில் ஐயாதுரை விடாமல் நோண்டியபோது, "எங்கிட்ட ஏன் கேக்கீங்க, பி.பி.யப் போயிக் கேளுங்க. என்ன வாங்குனானோ, யாரு கண்டா," என்று சொல்லிவிட்டார். யாரையும் ஒரு குறை சொல்லாத மனிதர் அப்படிச் சொன்னதும் ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. சாட்சியே சொல்லிவிட்டார் அல்லவா.

கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோலைச்சாமி வேகமாக நடந்து வந்தார். கோர்ட்டில் சாட்சியின் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று தெரிந்து நேரே வந்திருக்க வேண்டும். ஓடையை ஒட்டிய வளைவில் தோள் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் கூட்டத்துக்குள் புகுந்து சந்தூக்கின் கட்டையில் கை வைத்தார். மய்யித்துக்குத் தோள் கொடுக்க வருகிறவனை யாரும் எந்தச் சாதி என்று கேட்பதில்லை.

"வேண்டாம் சார்," என்றான் அசன். "ஆள் இருக்கு."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. சோலைச்சாமி கையை எடுத்துக்கொண்டார். கூட்டத்தின் வாலில் போய்ச் சேர்ந்து நடந்து வந்தார். அசனுக்கு நிறைவாக இருந்தது. அத்தாவுக்காக ஏதோ ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்தான்.

பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். தொழுகைக்கு வரிசை கட்டிய பிறகு, மற்ற மதத்து ஆட்கள் சுவர் ஓரமாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். இமாம் அசனைக் கைகாட்டி அழைத்தார். தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இறந்தவருக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்பதும் சம்பிரதாயம், பதிலுக்கு எழும் முணுமுணுப்பும் சம்பிரதாயம்.

"எங்க அத்தாட்ட யாருக்காச்சும் கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க," என்றான் அசன். "யாரையாச்சும் மனசு நோகப் பேசியிருந்தாக்க அல்லாவுக்காக மன்னிச்சுக்கங்க."

வரிசைகளில் வழக்கமான முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு சுவர் ஓரத்திலிருந்து ஒரு குரல் தனியாக வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று பழகிய கோர்ட்டுக் குரல்.

"எனக்கு அவர் மேல வருத்தம் ஒண்ணும் இல்லங்க. நான் மன்னிச்சிட்டேன்."

தலைகள் திரும்பின. சோலைச்சாமிக்கு அப்போதுதான், இதற்குத் தனியாக யாரும் பதில் சொல்வதில்லை என்று உறைத்திருக்க வேண்டும். முகம் சிவந்து தரையைப் பார்த்தார். இமாம் தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கினார். அசனும் கையைக் கட்டினான். மனம் தொழுகையில் இல்லை. அத்தாவை மன்னிக்க இவன் யார்? டீக்கடையில் சொன்ன ஒரு வார்த்தை இவன் காதுவரை போயிருந்தாலும், திருடன் பறிகொடுத்தவனை மன்னிப்பதுண்டா? எந்தக் குற்றத்தை மன்னிக்கிறான்?

மண் போட்டு முடித்துக் கபர்ஸ்தான் வாசலுக்கு வந்தபோது கருத்தப்பாண்டி காத்திருந்தான். கான்டிராக்டர், மாஜி மந்திரியின் வலது கை. வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் நின்றவன், அசனைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"பாய் தங்கமான மனுசன் தம்பி. எந்தப் பக்கம் நின்னாலும் மனுசன் மனுசன்தான். எது ஒண்ணுன்னாலும் எங்கிட்ட சொல்லு."

"சரிண்ணே."

"பாப்பா பெருசாயிருச்சாமே. எந்த ஸ்கூலு?"

அசன் மகளின் பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொன்னான். ரிக்ஷாவில் போய் வருகிறாள் என்றும் சொன்னான்.

"நல்லதுப்பா. பாத்துக்க," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான் கருத்தப்பாண்டி. எதிரிக்கு இருக்கிற பண்பு நம் பக்கத்து ஆளுக்கு இல்லையே என்று அசன் நினைத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மா நூர்னிசா உள்ளறையில் வெள்ளைத் துப்பட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா தொடங்கிவிட்டது, இனி நாலு மாதத்துக்கு மேல் அந்த அறைதான். பக்கத்தில் அசனின் தங்கை ஹாஜரா அழுது ஓய்ந்து சாய்ந்திருந்தாள். சேத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள்.

"அம்மா, அந்த பி.பி. எல்லார் முன்னாலயும் அத்தாவ மன்னிச்சிட்டேங்கான். மன்னிக்க அவன் யாரு?"

நூர்னிசா தலையை நிமிர்த்தினாள். "ஏட்டி ஹாஜரா, செத்த நேரம் அடுப்படியில இரு," என்று மகளை அனுப்பினாள். அவள் போனதும் கேட்டாள்.

"எல்லார் முன்னாலயுமா சொன்னாரு?"

அந்த வீட்டில் பி.பி.யை அவர் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அசன் அம்மாவையே பார்த்தான்.

"வாய்தா கேட்டது அவரு இல்லலே. உங்க அத்தாதான். ஒவ்வொரு தடவையும் முந்துன நாளு அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு, இந்த ஒரு தடவ விட்டுருங்கன்னு அழுதிருக்காக. சாட்சி பயப்படுதான்னு வெளிய தெரிஞ்சா எதிராளி இன்னும் மிதிப்பான், கேஸு விழுந்துரும்னு சொல்லி, பி.பி. தன் பேருலயே கேட்டு வாங்கியிருக்காரு."

"அத்தாவுக்கு என்ன பயம்?"

"கருத்தப்பாண்டி ஒருநாளு ஆபீசுக்கு வந்தான். ஹாஜரா எந்தப் பள்ளிக்கூடத்துல வேல பாக்குதுன்னு கேட்டான். சேத்தூருன்னு அவிய சொல்லியிருக்காக. பஸ்ஸுலயா போய்ட்டு வருதுன்னு கேட்டான். அம்புட்டுத்தான், பொறவு டீயக் குடிச்சிட்டுப் போயிட்டான். அவிய வந்து சொன்னதும் நாந்தான் காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். கூண்டுல ஏறாதீகன்னு நாந்தான் சொன்னேன்."

"டீக்கடையில அத்தா அவர அப்படிப் பேசினாகளே."

"அன்னைக்கு ராத்திரி உங்க அத்தா சாப்பிடல."

அசன் சுவரில் சாய்ந்தான். அவமானம் முதலில் வந்தது. கட்டையிலிருந்து தான் எடுக்கவைத்த கை கண்முன் நின்றது. அது நகர்வதற்குள்ளாகவே, பாப்பாவுக்கு எந்த ஸ்கூலு என்று கருத்தப்பாண்டி கேட்டது நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு அத்தா கோர்ட்டுல போயி என்ன சொல்றதா இருந்தாக?"

"சட்டையத் தேச்சுக் குடுன்னாக, தேச்சுக் குடுத்தேன். நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் நூர்னிசா.

"பாப்பா எங்கம்மா?"

"கொல்லையில விளையாடுதா."

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்வாசல் கதவுக்குத் தாழ் போட்டான். பிறகு தெருவுக்கு வந்தான். வெள்ளைக் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சோலைச்சாமி கோட்டைக் கழற்றிக் கையில் போட்டபடி கார் பக்கத்தில் நின்றார். மன்னிச்சுக்கங்க சார் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அசன் அவரிடம் போனான். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு இத கேக்கக்கூடாது தம்பி. ஆனா அடுத்த வாரம் நான் கோர்ட்டுக்குப் பதில் சொல்லணும். அத்தா போலீஸ்ல சொன்னது மட்டும் அங்க நிக்காது. நேர்ல பாத்த ஆளு வந்து சொல்லணும். நீங்களும் அந்த ஆபீஸ்லதான இருந்தீங்க. தார்ப்பாய் கட்டுறப்ப நின்னிருக்கீங்க. வருவேன்னு சொன்னீங்கன்னா, உங்களையும் விசாரிக்கணும்னு மனுப் போடுதேன்."

தன்னை மட்டும் அந்தக் கூண்டில் ஏற்றட்டும், மாஜியின் வண்டவாளத்தை எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்று அசன் எத்தனை முறை கத்தியிருக்கிறான். இந்தத் தெருவுக்கே அது தெரியும். இப்போது பாப்பாவின் பள்ளிக்கூட ரிக்ஷா தேவாங்கர் தெரு வழியாகப் போகுமா, மெயின் ரோட்டிலேயே போய்விடுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அது தனக்கே இதுவரை தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"நாப்பதாம் நாள் பாத்திஹா முடியட்டும் சார்," என்றான். "எனக்குக் கொஞ்சம் நாள் வேணும்."

சோலைச்சாமி அவனை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வியப்பும் இல்லை. அதைத்தான் அசனால் தாங்க முடியவில்லை. அவர் காரின் கதவைத் திறந்து கோட்டை உள்ளே போட்டார்.

"சரி தம்பி. நான் கேட்டதாவே இருக்கட்டும்."

கார் போய்விட்டது. சொல்ல வந்தது சொல்லப்படாமலே வாய்க்குள் நின்றுவிட்டது. பந்தலுக்கு அடியில் வாடகை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த ஐயாதுரை, காரைக் கண்ணால் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினான்.

"என்னண்ணே சொல்லுதான்? பாயும் போயிட்டாக. இனி கேஸு?"

"அவரு நாள் கேக்கப் போறாராம்," என்றான் அசன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. வாங்கிட்டான்ணே. நல்லா வாங்கிட்டான்."

அசன் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலியை மடக்கினான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. முழங்காலை வைத்து அழுத்தி மடக்கி, அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தான்.