ரம்புட்டான் கொடுத்தவளுக்குக் கீழ்த்தளம்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் செண்பகவல்லியின் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. லாட்ஜ்காரர்கள் மாறி மாறி ஆள் கேட்பார்கள். இலத்தூர்ப் பெண்களைத் திரட்டி, பஸ் ஏற்றி, அறை கூட்டவும் விரிப்பு மாற்றவும் கொண்டு நிறுத்துவது அவள்தான். தானும் கீழ்த்தளத்தில் வேலை பார்ப்பாள். எந்த மாடி யாருக்கு என்பதையும் அவள் வாய்தான் சொல்லும். ரம்புட்டானோ மங்குஸ்தானோ ஒரு பை வாங்கி வந்து நீட்டினவளுக்குக் கீழ்த்தளம். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தவள் வாளியோடு மூன்றாம் மாடி ஏற வேண்டியதுதான். இதை லஞ்சம் என்று யாராவது சொன்னால் செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவாள். பிரியத்துக்குக் கொடுக்கிறார்கள், பிரியத்துக்கு வாங்குகிறேன் என்பது அவள் நியாயம்.

இந்த வருஷம் அதில் மண் விழுந்தது. தென்காசி வேலைவாய்ப்பு அலுவலகத்தார் லாட்ஜ் முதலாளிகளையும் வேலைக்குப் போகும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, குற்றாலத்தில் ‘சீசன் மேசை’ என்று ஒன்றைப் போட்டார்கள். அரசாங்கத்துக்கு அதிகாரி மகாதேவன், முதலாளிகளுக்குப் பரமேஸ்வரன் அண்ணாச்சி, தொழிலாளிகளுக்கு ஒரு பெண். வேலைக்குப் போகும் பெண்கள் மேசையில் பெயர் பதிய வேண்டும். ஆள் வேண்டுமென்றால் முதலாளி மேசையில் சொல்ல வேண்டும். மூன்று பேரும் சம்மதித்தால்தான் ஆள் போகும். சாயங்காலம் லாட்ஜ் வண்டியே ஊரில் கொண்டுபோய் விட வேண்டும்.

மூன்றாவது நாற்காலி தனக்குத்தான் என்பதில் செண்பகவல்லிக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. புதுச்சேலை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். பெண்களே கை தூக்கித் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் மகாதேவன். அவள் பெயருக்கு நான்கைந்து கை எழுந்தது, அதில் ஒன்று அவளுடையது. சுகிர்தத்தின் பெயரைச் சொன்னதும் மிச்சமிருந்த கை அத்தனையும் மேலே போனது. செண்பகவல்லியின் கூடப்பிறந்தவனுடைய பெண்டாட்டி சந்தனமாரியின் கையும் அதில் இருந்தது.

யார் இந்தச் சுகிர்தம்? போன சீசனுக்கு முந்தின சீசனில் பாவூர்சத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தவள். வந்த நாள் முதல் மூன்றாம் மாடி. ஒரு ரம்புட்டான்கூடக் கொண்டு வந்ததில்லை. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளானுக்கு நாற்காலியா?

செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. சுகிர்தம் நாற்காலியில் சாய்ந்துகூட உட்காராமல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தாலும் எரிந்தது. அதிகாரி அவளை “வாங்கம்மா” என்று கூப்பிட்டாலும் எரிந்தது. போதாததற்கு முதல் கூட்டத்திலேயே அவள் ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டாள். அருவியில் குளிக்கத் தடை வந்து, கூட்டம் இல்லையென்று பெண்களைத் திருப்பி அனுப்பினால் பாதிக் கூலி உண்டு. இத்தனை சீசன் வெறுங்கையோடு திரும்பி வந்தும் இதைக் கேட்கத் தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

“அவகிட்ட என்னத்தட்டி கண்டிய?” என்று சந்தனமாரியை மடக்கிக் கேட்டாள்.

“அவ மூணாவது மாடிய பாத்திருக்கா மயினி,” என்று சொல்லிவிட்டு சந்தனமாரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்படி எரிந்துகொண்டிருந்தபோதுதான் பரமேஸ்வரன் அண்ணாச்சி போனில் வந்தார். “செண்பகம், நாளைக்கு ரூமெல்லாம் ஃபுல்லு. காலைல பத்துப் பேரு வேணும். மேசைல சொன்னா மூணு பேரும் கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். நீ எப்பவும் போல கூட்டிட்டு வா.”

செண்பகவல்லிக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன, முதலாளிக்கு ஆபத்து என்றால் அவள் பெயர்தானே வாயில் வருகிறது? உடனே பெண்களைக் கூப்பிட்டாள். “சுகிர்தத்துக்குத் தெரியுமா?” என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். “எல்லாம் தெரியும், வாங்கட்டி,” என்று கூசாமல் பொய் சொன்னாள்.

காலையில் குற்றாலத்தில் இறங்கும்போதே அருவிச் சத்தம் காதை அடைத்தது. மலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. “தண்ணி ரொம்பல்லா விழுது மயினி,” என்றாள் சந்தனமாரி. “ரொம்ப விழுந்தாத்தாம்ட்டி கூட்டம் வரும்,” என்றாள் செண்பகவல்லி. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். பொறாமை கண்ணை மறைத்தது.

அறைகளைக் கூட்டி முடிப்பதற்குள் தடை போட்டுவிட்டார்கள். வந்த கார்கள் அப்படியே திரும்பின. அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். “போயிட்டு வாங்கம்மா. பொறவு கூப்பிடுதேன்.”

“பாதிக் கூலி? வண்டி?” என்றாள் சந்தனமாரி.

“அதெல்லாம் மேசை வழியா வந்தவங்களுக்கு. நான் செண்பகத்தைல்லா கூப்பிட்டேன்?”

பெண்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இனி ஒருத்தியும் தன் பின்னால் வரமாட்டாள் என்பது செண்பகவல்லிக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நனைந்துகொண்டே எல்லோரும் மேசைக்கு நடந்தார்கள், அவளும் கடைசியில் நடந்தாள்.

மேசைக்கு அண்ணாச்சியையும் வரவழைத்து விசாரித்தார் மகாதேவன். பிறகு சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க அனுப்பினீங்களாம்மா?”

“இல்ல சார். எனக்குத் தெரியாது.”

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. காட்டிக்கொடுத்தவளை இனி மனசாரத் திட்டலாம்.

“ஆனா அண்ணாச்சியும் இந்த மேசைலதான இருக்காவ?” என்றாள் சுகிர்தம். “கூப்பிட்டது மேசைல உள்ளவரு. வந்தது மேசைல பதிஞ்ச எங்க ஆளு. செண்பகம் யக்காவும் எங்க ஆளுதான். ரெண்டு பக்கமும் தப்புன்னா, ஒரு பக்கத்து தலைல மட்டும் எப்படி விழும் சார்?”

அண்ணாச்சியைப் பார்த்தார் மகாதேவன். அண்ணாச்சி பிடரியைச் சொறிந்தார். தண்ணீர் இறங்கினால் அவருக்கும் இதே பெண்கள்தான் வேண்டும். “சரி, குடுத்துருதேன். வண்டியும் வரும்,” என்றார்.

எங்க ஆளு. இந்தப் பெண்களை ‘என் ஆளு’ என்று சொல்லித் திரிந்தவள் செண்பகவல்லி. இன்று அவளையே ஒருத்தி தன் ஆள் என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டாள். திட்டுவதற்கும் வழியில்லாமல் போயிற்று. வண்டியில் அவள் பக்கத்து இடம் இலத்தூர் வரை காலியாகவே வந்தது.

தண்ணீர் இறங்கித் தடையை எடுத்த அன்று மேசையிலிருந்தே அவளுக்கும் அழைப்பு வந்தது. வழியில் ரோட்டோரக் கடையில் நல்ல சிவப்பாகப் பொறுக்கி ஒரு பை ரம்புட்டான் வாங்கினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சுகிர்தத்திடம் நீட்டினாள்.

“நல்ல பழமா இருக்கே யக்கா,” என்று சுகிர்தம் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டாள். அங்கேயே பையைப் பிரித்து, நின்ற பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். செண்பகவல்லி கையிலும் ஒன்றை வைத்தாள். பிறகு யாருக்கு எந்த மாடி என்று சொன்னாள். “யக்கா, ஒங்களுக்கு இன்னைக்கு மூணாவது. எல்லாருக்கும் சுத்தி வருது. நாளைக்கு எனக்கு.”

வாளியோடு ஏறினாள். பாதியிலேயே மூச்சு வாங்கியது. வாளியை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கீழே பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். சந்தனமாரியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் இவர்கள் தன் முன்னால் இப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. பை பையாகப் பழம் கொண்டு வந்து கொடுத்தார்களே, அப்போதுகூடச் சிரித்ததில்லை.

இடுப்பில் செருகியிருந்த ரம்புட்டானை எடுத்து உரித்து வாயில் போட்டாள். இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிந்தது.