சுல்தானுக்குக் கீரை அரிதல்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. வியாழக்கிழமை காலை, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஸெய்னுதீன் நானா படியேறி வந்து, என் மேசைக்கு எதிரே கிடந்த கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி, நீங்க கதை எழுதுற ஆள்தானே. எனக்கு ஒரு பொய் வேணும். நாளைக்கு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சொல்லுற மாதிரி."

எழுதுகிறவளிடம் பொய் கேட்டு வருவதில் பிழையில்லை. மாவு வேண்டுமென்றால் மாவுக்கடைக்குத்தானே போவார்கள். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடமாக எழுதுகிறேன், ஒரு பத்திரிகை ஆசிரியர்கூட இப்படி நாளைக்கே வேண்டும் என்று கேட்டதில்லை.

பொய் அவருடைய மகள் ஜெஸ்மினுக்கு. அவள் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். போகும்போது தான் வளர்த்த இகுவானாவை வாப்பாவின் பொறுப்பில் விட்டுப் போனாள். (தெரியாதவர்களுக்கு: உடும்பின் வெளிநாட்டுச் சொந்தக்காரன் போல இருக்கும். பச்சை நிறம். இலை, பூ, காய்தான் சாப்பாடு.) பெயர் சுல்தான். புதன்கிழமை பின்னேரம் சுல்தான் செத்துப்போயிற்று.

ஒரு பிராணி செத்ததற்கு ஏன் பொய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

2

தொடக்கம் ஒன்று எழுதிப் பார்த்தேன்.

"திருகோணமலை உள்துறைமுகத்தின் நீலத்தில் அந்தி வெயில் கரைந்துகொண்டிருக்க, தனித்த முதியவர் ஒருவர்

வேண்டாம். நானா துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் பார்ப்பது குசினியிலுள்ள ஃபிரிட்ஜை. அதன் கீழ்த்தட்டு முழுவதும் சுல்தானின் கீரை. இன்னொரு தொடக்கம்:

"ஸெய்னுதீனுக்கு மகளைப் பிடிக்காது

இதுவும் பொய், ஆனால் அவர் கேட்ட பொய் இல்லை. அவருக்கு மகள் என்றால் உயிர். உயிராக இருந்துகொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஜெஸ்மின் புருஷனை வேண்டாம் என்று வந்து நின்றபோது, விவாகரத்தை விசாரித்த காதியாருக்கு முன்னால் நானா மருமகன் பக்கம் பேசினார். பொடியன் நல்லவன், கொஞ்சம் பொறுத்துப் போனால் எல்லாம் சரிவரும் என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் உம்மாவோடு மட்டும்தான் பேசினாள். உம்மா பல்கீஸ் மௌத்தாகி அடக்கமான பிறகு, வெள்ளிக்கிழமைகளில் வீடியோ அழைப்பு ஒன்று வரும், சுல்தானைப் பார்க்க. நானா போனைக் கூட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். படத்தில் சுல்தான் தெரியும், கீரைத் தட்டு தெரியும், தட்டைப் பிடித்திருக்கும் நானாவின் விரல் நுனிகள் தெரியும். முகத்தை அவள் கேட்பதில்லை.

"சாப்பிடுதா?"

"ஓம்."

"சரி, வெக்கிறன்."

சுல்தான் இல்லையென்றால் அவளுடைய இந்த மூன்று சொல்லும் இல்லை. பொய் அதற்காகத்தான்.

3

நான் மூன்று பொய் தயாரித்தேன். சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: சுல்தான் கூட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தில் ஏறிவிட்டது.

நானா யோசித்தார். "தேடச் சொல்லுவாள். ரெண்டு மூண்டு கிழமைக்குக் கேப்பாள், கிடைச்சிச்சா எண்டு." முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு, "அதுக்குப் பிறகு?" என்றார்.

இரண்டாவது: நிலாவெளியில் பெரிய தோட்டமுள்ள ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டோம்.

"அப்ப அவள் அவருக்கெல்லோ கோல் எடுப்பாள்."

மூன்றாவதாக, இதே போல இன்னொன்றை வாங்கிக் கூட்டில் விடலாம் என்றேன். பச்சைக்குப் பச்சை. ஊரை ஏமாற்றலாம், பெற்றவளை ஏமாற்ற முடியாது என்பார்கள். இங்கே வளர்த்தவளையும் ஏமாற்ற முடியாது.

"கன்னத்தில ஒரு தழும்பு இரிக்கி தங்கச்சி. அவள் முதல்ல பாக்கிறதே அதத்தான்."

3 (மறுபடியும்)

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. பொய் சரியாக ஒட்ட வேண்டுமென்றால் உண்மை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எப்படிச் செத்தது என்று கேட்டேன். நானா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார்.

அவர் சொன்னதை எழுதுமுன் ஒரு சிறு கட்டுரை. சலிப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள், ஆனால் பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

[கீரையைக் கழுவினால் ஈரத்தோடு கட்டி வைக்கக் கூடாது. துணியில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே உலரவிட்டு, கடதாசியில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் போட வேண்டும். ஈரம் இருந்தால் இரண்டாம் நாளே கறுத்துக் கொழகொழக்கும். தண்டை நீக்கி, இலையை விரல் நகமளவுக்கு அரிய வேண்டும். பூசணியைத் துருவ வேண்டும். பசளிக் கீரையை நாள்தோறும் வைக்கக் கூடாது. முருங்கை, வல்லாரை, செவ்வரத்தம்பூ என்று மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு வைக்கக் கூடாது. உப்பு ஒரு கல்கூடக் கூடாது. எல்லாம் ஜெஸ்மின் சொன்னவை. ஊர்த் தெருக்களில் திரிந்து வாசலுக்கு வரும் மான்களுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் இல்லை, கெட்டுப்போனதையும் தின்றுவிட்டு பஸ் நிலையப் பக்கம் போய்விடும்.]

நானா இவ்வளவையும் பிசகாமல் செய்துவந்தார். "சரி, வெக்கிறன்" என்று மகள் வைத்துவந்தாள். ஒரு கிழமை மறந்துபோய் முருங்கையை ஈரத்தோடு கட்டி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை படத்தில் கறுத்த இலை தெரிந்தது.

"முக்கால் மணித்தியாலம் ஏசினாள் தங்கச்சி. எப்பிடிக் கழுவுற, எப்பிடி உலத்துற, எப்பிடிச் சுத்துற எண்டு எல்லாம் திரும்பச் சொன்னாள். ஏசக்குள்ளதான் வாப்பா எண்டு வாயில வருகுது. மத்த நேரம் ஒண்டுமில்ல. பல்கீஸ் போன பிறகு என்னோட ஒரு ஆள் அவ்வளவு நேரம் கதைச்சதில்ல."

அடுத்த கிழமை அவர் மறக்கவில்லை. வேண்டுமென்றே ஈரத்தோடு கட்டினார்.

4

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. அறுபத்தாறு வயது மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர், வாயில்லாத பிராணிக்கு அழுகல் இலையைத் தெரிந்தே வைப்பாரா? கதையில் இதை எழுதினால் மிகை என்று நானே வெட்டிவிடுவேன்.

"அழுகினத தின்னக் குடுக்க இல்ல. சத்தியமா இல்ல. படத்தில காட்டிப்போட்டு எடுத்திருவன். மானுக்குத்தான் போட்ட." பேனா மூடியை அழுத்திப் போட்டுவிட்டு, "முதல்ல" என்றார்.

அழுகல் பழகிப்போனால் ஏச்சு குறைந்துவிடும். அதனால் அடுத்த கிழமை தண்டோடு பெரிதாக அரிந்தார். அதற்கடுத்த கிழமை குளிரோடு வைத்தார். பிறகு தொடர்ந்து பசளி. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நீண்ட வெள்ளிக்கிழமை கிடைத்தது. கடைசியில் செய்ததுதான் சுண்டல். கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், உப்புப் போட்டு வதக்குவது, பல்கீஸ் செய்வது போல. மகள் திட்டுவாள், ஒருவேளை உம்மாவின் கை நினைவு வந்து சிரிக்கவும் செய்வாள் என்று நினைத்தார். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுத்தான் ஏசினாள்.

"அந்தச் சிரிப்பில நான் தட்ட எடுக்க மறந்திட்டன்."

சுல்தான் சுண்டலை ருசித்துத் தின்றது. அதற்குப் பிறகு எதையும் தின்னவில்லை.*

* செத்தது சுண்டலாலா, பசளியாலா, வயதாலா என்று எனக்குத் தெரியாது. மிருக வைத்தியருக்கும் சொல்ல முடியவில்லை. நானாவுக்கு மட்டும் சந்தேகமில்லை.

எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. அது முழுவதுமாக வருவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் அவருக்குக் காட்டாமல் இருக்க யன்னலைத் திறக்க எழுந்து போனேன்.

"உண்மையைச் சொல்லிவிடுங்கள் நானா," என்றேன். "சுண்டல் வரைக்கும்."

"சொன்னா ஏசுவாள்."

"ஏசட்டுமே. நீங்கள் கேட்டதும் அதுதானே."

"இதுக்கு ஏச மாட்டாள் தங்கச்சி. இதுக்கு ஒண்டும் சொல்ல மாட்டாள்."

5

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தவர் என்னையும் கீழே கூப்பிட்டார். கூடு கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. எந்தப் பொய்யைத் தெரிந்தெடுத்தார் என்று கேட்டேன். அதற்குள் போன் அடித்தது.

"சாப்பிடுதா?"

நானா கூட்டின் பக்கம் போகவில்லை. குசினிக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, போனை உள்ளே காட்டினார்.

"மகள், இந்த முருங்கை கறுத்துப்போச்சி. ஈரத்தோட வெச்சிட்டன் போல."

"எத்தின தரம் சொல்லிரிக்கன் வாப்பா. கழுவின உடன கட்டாதீங்க. துணியில பரத்துங்க. காத்தாடியப் போடுங்க."

"ஓம் மகள்."

"கடதாசிய இறுக்கிச் சுத்தாதீங்க. இலைக்கு மூச்சு முட்டும்."

"ஓம் மகள். எந்தக் கடதாசி?"

நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், தலையாட்டுவது அவளுக்குத் தெரியாது என்றாலும். இன்னும் கொஞ்சத்தில், "சரி, இப்ப சுல்தானக் காட்டுங்க" என்று அவள் சொல்ல வேண்டும். கதை அங்கேதான் போகிறது, வேறு வழியில்லை. நானா என்னைத் திரும்பிப் பார்க்கிறார். என்னிடம் மூன்று பொய்யும் ஒரு உண்மையும் இருக்கின்றன. நாலையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் அதைச் சொல்லும் வரியை நான் எழுதப்போவதில்லை. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறேன். உங்களுக்கு ஒரு முடிவு கட்டாயம் வேண்டுமென்றால், இனி அது உங்கள் பாடு. நானாமேல் கொஞ்சமாவது இரக்கம் இருந்தால் அவசரப்படாதீர்கள். அவள் மூச்சு விடும் இடைவெளியில், பூசணியைத் துருவினால் எத்தனை நாளைக்கு வைக்கலாம் என்று கேளுங்கள். அதற்கும் அவளிடம் பதில் இருக்கும்.