சம்பந்திகள் ஆடிய சிசிலியன்

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இந்தக் கதை என் அக்கா தொலைபேசியில் விட்ட ஒரு பெருமூச்சிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா சதுரங்கப் போட்டிகளில் நடுவர். உலகின் முன்வரிசைக் கிராண்ட்மாஸ்டர்கள் மோதிய ஒரு தொடரின் கடைசிச் சுற்றை முடித்து அறைக்குத் திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னை அழைத்தாள்.

“டிராடா.”

“அதுக்கு ஏன் இவ்வளவு பெரிய மூச்சு?”

“ரெண்டு பேரும் சம்பந்தி ஆகப்போறவங்கடா. இவர் பொண்ணு, அவர் பையன்.”

இதைக் கதையாக எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“டிராவை எவன்டா உக்காந்து படிப்பான்?” என்றாள்.

தாங்கள் இதுவரை வந்துவிட்டீர்கள். அவள் வாயை அடைத்ததற்கு என் பணிவான நன்றி.

2

முதல் தொடக்கம்: “ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி அம்மண்டபத்தில் நிலவிக்கொண்டிரு—”

விட்டுவிட்டேன். தரை முழுவதும் தடித்த கம்பளமாம். கடப்பாரை விழுந்தாலும் கேட்டிருக்காது.

இரண்டாம் தொடக்கம்: “வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தந்தை, கறுப்புக் காய்களுக்குப் பின்னால் பெண்ணின் தந்தை.”*

இது நிற்கட்டும். மாப்பிள்ளையின் தந்தையை ஆட்ட வட்டாரத்தில் ‘மீசை’ என்பார்கள். காரணம் முகத்திலேயே இருக்கிறது. பெண்ணின் தந்தையை ‘ரன்னர்’ என்பார்கள். அவர் ஓடுபவர் அல்லர். இந்தத் தொடரில் ஆண்டு தவறாமல் இரண்டாமிடம் பிடிப்பவர். தலை நரைத்துவிட்டது, கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. அன்று வென்றால் பட்டம் அவருக்கு. டிரா என்றால், பக்கத்து மேசையில் ஆட்டத்தை முடித்துவிட்டுப் பழச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த வேறொருவருக்கு. மீசைக்கு அந்தச் சுற்றில் கிடைக்கவோ இழக்கவோ ஒன்றுமில்லை.

(* வெள்ளைக் காய்களை ஆடுபவரை ‘வெள்ளைக்காரர்’ என்று முதலில் எழுதியிருந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் அடித்துவிட்டேன்.)

3

ஆட்டத்திற்கு முன், விடுதியின் மின்தூக்கியில் ரன்னரிடம் அவர் மகள் சொன்னாள்:

“அப்பா, சம்பந்திக்கு விட்டுக்கொடுத்துட்டாருன்னு நாலு பேர் பேசினா எனக்குத்தான் அசிங்கம்.”

“அப்ப தோக்கடிச்சிடறேன்.”

“தோக்கடிச்சுட்டு அவர் வீட்டுக்கு என்னை அனுப்புவீங்களா? பேஷ்!”

“பின்ன என்னதாம்மா பண்ணச் சொல்ற?”

“ஒழுங்கா ஆடுங்க. அவ்வளவுதான்.”

(மின்தூக்கியில் அவர்கள் இருவரைத் தவிர எவரும் இல்லை. நானும் இல்லை. பொறுத்தருள்க.)

ஆகவே, பேசிவைத்து ஆடினார்கள் என்று ஒருவரும் நாக்குமேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடாதபடி, ரன்னர் சிசிலியன் தற்காப்பு என்ற ஆட்டத் தொடக்கத்தைத் தேர்ந்தார். அதிலும் ரத்தம் தெறிக்கும் கிளையை. ‘விஷச் சிப்பாய்’ என்று ஒன்று உண்டு. எதிராளி தூண்டிலில் புழுவைப்போல விட்டுவைக்கும் சிப்பாய் அது. அதைத் தின்னப் போகும் ராணி பத்திரமாக வீடு திரும்புவது அவள் சாமர்த்தியம். ரன்னரின் ராணி தின்றாள், திரும்பியும் விட்டாள். மீசை ஆவேசமாக ஒரு குதிரையைப் பலியிட்டார், பிறகு யானையை. முடிவில் ரன்னரிடம் படை மிகுந்திருந்தது. ஆனால் அவருடைய ராஜா, துண்டோடு வெளியே வந்ததும் பின்னால் குளியலறைக் கதவு பூட்டிக்கொண்ட மனிதரைப்போல மறைவின்றி நின்றார்.

4

இனி வருவதைக் கூடியவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். மீசை ராணியால் ‘செக்’ வைக்கிறார். ரன்னரின் ராஜா மூலைக்கு ஓடுகிறார். வேறு பக்கத்திலிருந்து செக். ராஜா மூலையை விட்டு வெளியே வருகிறார். மறுபடியும் முதல் செக். ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் டிரா. அத்தொடரில் வாய் திறந்து டிரா கேட்கக் கூடாது என்பது விதி. இப்படித்தான் காய்களைக் கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராஜாவுக்கு இன்னொரு வழியும் இருந்தது: மூலைக்குப் போகாமல் பலகையின் நட்டநடுவில் நடப்பது. பிழைத்தால் பட்டம். பிசகினால் அங்கேயே கதை முடிந்தது.

“நீயா இருந்தா நடுவுல நடப்பியாடா?” என்றாள் அக்கா.

குழாய் ஒழுகுகிறது என்பதை வீட்டுக்காரரிடம் சொல்ல ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்தவன் நான். ஆனால் விஷச் சிப்பாயைத் தின்ற ரன்னருக்கு என்ன தயக்கம்? இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீது எனக்கே ஐயம் வந்து, பேனாவை மூடி—

திறந்துவிட்டேன்.

5

அந்நிலை இருமுறை வந்துவிட்டது. மூன்றாம் முறை வரவேண்டிய நேரத்தில் மீசை, ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்துச் செக் சொன்னார். எண்ணிக்கை அறுந்தது. அதோடு, நடுப்பாதை முழுவதும் ஆபத்தின்றித் திறந்துகொண்டது.

“எனக்கே தெரிஞ்சுதுடா,” என்றாள் அக்கா. “நடந்தா ஜெயிச்சாச்சு.”

ரன்னர் பலகையைப் பார்த்தார். பிறகு மீசையைப் பார்த்தார். மீசையோ தண்ணீர் பாட்டிலின் லேபிளை, மறுநாள் பரீட்சை இருப்பவரைப்போலப் படித்துக்கொண்டிருந்தார். ரன்னரின் காதுமடல்கள் சிவந்தன. ராஜாவை எடுத்தார். மூலையில் வைத்தார்.

மீசை சுற்றி வந்து மீண்டும் அதே ‘தள்ளிய’ கட்டத்தில் செக் வைத்தார். ரன்னர் மீண்டும் மூலை. மீண்டும் செக். வழி மும்முறை திறந்தது. மூன்றாம் முறை ரன்னர் கையுயர்த்தி நடுவரை அழைத்து, ஒரே நிலை மும்முறை வந்துவிட்டது என்றார். அக்கா சரிபார்த்தாள். டிரா.

பக்கத்து மேசைக்காரர் பழச்சாற்றை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

6

மண்டபத்தின் கதவருகே:

“நீங்க முன்னாடி போங்க சம்பந்தி.”

“அட, நீங்க போங்க.”

“போகச் சொன்னா போறவரா நீங்க? மூணு தடவை வழி விட்டேனே!”

“நான் கேட்டேனா?”

“உங்க வீம்புல கோப்பை எவன் வீட்டுக்கோ போகுது.”

“போகட்டும். ஓசியில வந்ததை ஷோகேஸ்ல வச்சா, நீங்க எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்து மீசைக்குள்ள சிரிப்பீங்க.”

இப்பகுதியை அக்காவுக்குப் படித்துக்காட்டியதும் பதறிவிட்டாள்.

“ஐயோ, வெட்டுடா! இதை நான் கேட்டிருந்தா ரிப்போர்ட் பண்ணியாகணும். நான் அந்தப் பக்கமே போகல.”

“கற்பனைதான், அக்கா.”

“கற்பனையும் தப்பு. மீசை வழி விட்டாருன்னு யார் சொன்னா?”

“பின்னே?”

“இதே ஆட்டத்துக்கு இன்னொரு கிளை இருக்கு. அதுல அந்தக் கட்டம்தான் சரி. நூறு கிளையை மனப்பாடம் பண்றவங்களுக்கு ரெண்டு கலந்துடும்.”

“மூணு தடவையுமா?”

“கலந்தவனுக்கு மூணு தடவையும் கலந்துதான் வரும்.”

அப்படியானால், எவரும் நீட்டாத தானத்தை மறுத்துவிட்டு, ஆயுளெல்லாம் காத்திருந்த கோப்பையைக் கைநழுவவிட்டாரா ரன்னர்? அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

7

முடிவு அ: மணமேடையில் ரன்னர் கேட்கிறார், “வேணும்னுதானே அங்க வச்சீங்க?” மீசை, “ஆமாம்” எ—

முடிவு ஆ: மீசை, “எங்க வச்சேன்?” எ—

இரண்டையும் முடிக்க எனக்குத் துணிவில்லை. ஒன்றில் ரன்னரின் மானம் தப்புகிறது; மற்றதில் மீசையின் நேர்மை. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டுமானால் ரன்னர் கேட்காமலே இருக்க வேண்டும். நான் அறிந்தவரை, இன்றுவரை அவர் கேட்கவில்லை. திருமணம் முடிந்துவிட்டது. விருந்தில் சம்பந்திகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, கடைசி இனிப்பை ஒருவர் தட்டுக்கு மற்றவர் தள்ளிக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னாள். அது யார் வயிற்றுக்குப் போனது என்று கவனிக்க மறந்துவிட்டாளாம்.

வாசகரே, ராஜா இன்னும் மூலையில்தான் நிற்கிறார், நடுப்பாதை திறந்திருக்கிறது. அது திறக்கப்பட்டதா, தானே திறந்துகொண்டதா என்பதைத் தாங்கள்தாம் சொல்ல வேண்டும். நான் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து, தாங்கள் முன்னால் செல்லுங்கள்.